தட்டு இல்லாத டிரைவ்

காலை ஆறு ஐம்பது. சாப்பாட்டு மேசையில் கிடந்த பிரிண்ட்டில் முதலில் கண்ணில் பட்டது, கழுத்தெலும்புக்கு மேலே சுருண்டு கிடந்த ஒரு வெள்ளைச் சங்கிலி.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஜன்னலை ஒட்டிப் போட்டது. அன்று வானம் மூட்டமாக இருந்ததால் டியூப்லைட்டையும் போட்டிருந்தேன். பிரிண்ட் என் அக்காவுடையது. முந்தின நாள் மாலை சிதம்பரத்தில் நுரையீரல் டாக்டரின் கிளினிக்கில் கொடுத்தார்கள். பளபளப்பான தாளில் கட்டம் கட்டமாக நுரையீரலின் குறுக்குவெட்டுப் படங்கள். மேலே அக்காவின் பெயர், வயது, தேதி. இடது மூலையில் முதல் கட்டத்தில் மட்டும், எக்ஸ்ரே போல, மார்பு முழுவதும் தெரியும் சிறிய படம் ஒன்று. ஸ்கேன் தொடங்கும் முன், ஆள் சரியாகப் படுத்திருக்கிறாரா என்று பார்க்க எடுப்பது அது. டாக்டர்கள் அதில் நிற்பதில்லை. நேரே குறுக்குவெட்டுகளுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் பல வருஷம் உதவி ஆசிரியராக இருந்தேன். படத்தை முதலில் பார், அடிக்குறிப்பை அப்புறம் படி என்பது அந்த மேசையில் பழகியது. குறிப்பைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போனால், குறிப்பில் இருப்பதைத்தான் கண் பார்க்கும். கலெக்டர் என்று எழுதியிருந்தால் நடுவில் நிற்பவர் கலெக்டராகிவிடுவார்.

ஸ்கேன் எடுக்கும்போது அக்காவின் கழுத்தில் சங்கிலி இல்லை. கடலூர் ஸ்கேன் சென்டரில், உள்ளே கூப்பிடும் முன், தன் மெல்லிய சங்கிலியைக் கழட்டி அவர் என்னிடம் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக் கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அவரே வாங்கி மாட்டிக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது செயின் இல்லீங்க. தாலி. பாருங்க, ரெண்டு பக்கமும் குண்டு, நடுவுல தாலி. ஸ்கேன் எடுக்கறப்ப கழட்டமாட்டோம்னு சொன்னா, அப்படியே மேல தள்ளி தோள்கிட்ட போட்டுக்கச் சொல்வாங்க. எனக்கும் அப்படித்தான் எடுத்தாங்க."

பிறகு மேலே இருந்த பெயரைப் படித்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

என் அக்காவின் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

அக்காவுக்கு இருமல் மழைக்காலத்துக்கு முன்பே தொடங்கியது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாக்பீஸ் தூசி என்று முதலில் சொன்னார், அப்புறம் ஊதுபத்திப் புகை என்றார். கைக்குட்டையில் ரத்தம் வந்ததை என்னிடம் மட்டும் சொன்னார். மகளிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மகள் வடக்கே, ரயிலில் இரண்டு இரவு தூரத்தில் இருக்கிறாள். முதல் பிரசவம். அக்கா போய் மூன்று மாதமாவது கூட இருப்பதாக ஏற்பாடு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ரயில், நான் அந்தப் பிரிண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாள் மாலை.

ஸ்கேன் சென்டரில் எழுத்து ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அக்காவுக்கு அவ்வளவு நேரம் இல்லை. டிஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டு நேரே சிதம்பரம் போனோம். டாக்டர் தன் அறையில் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தார். மேலும் கீழுமாக உருட்டினார். "கழுத்துல செயினைக் கழட்டச் சொல்லலையா? மேல கொஞ்சம் கோடு கோடா அடிக்குது. பரவால்ல" என்றார். அக்கா தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டு, குற்றம் செய்தவர் போலச் சிரித்தார். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"நுரையீரல் சுத்தமா இருக்கு. ரத்தம் தொண்டைப் புண்ணுல வந்திருக்கலாம். மாத்திரை தர்றேன். ஊருக்குப் போயிட்டு வாங்க."

வெளியே வந்ததும் அக்கா கீழ வீதிக் கடையில் நின்று சூடாக ஜிலேபி வாங்கினார். ஒன்றை அங்கேயே தின்றார். ரிப்போர்ட்டை மெதுவாக வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை என்று சொன்னார். பிரிண்ட்டும் டிஸ்க்கும் இருந்த உறையை என்னிடம் கொடுத்தார். ரயிலில் தூக்கிக்கொண்டு போனால் மகள் கண்ணில் பட்டுவிடும்.

பிரிண்ட்டில் தாலியைப் பார்த்த அன்று காலையே ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட் எழுதும் டாக்டர் நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு உறையோடு பஸ் ஏறினேன்.

முந்தின இரவு துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஒன்றாம் எண் கூண்டுக்கு யாரும் வேலையை நிறுத்துவதில்லை. தூரத்தில், கடலில் எங்கோ ஏதோ உருவாகியிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். அந்தச் செய்தியை ஒற்றைப் பத்திக்குக் குறைத்து உள்பக்கத்தில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நாற்று நட்ட வயலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். தொழிற்சாலைகளைத் தாண்டும்போது எல்லோரும் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்கள். நாற்றம் அப்படியும் உள்ளே வந்தது. புதுச்சத்திரம் வரை யாரும் கண்ணாடியைத் திறக்கவில்லை.

நான் ஒன்றை எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். படம் தவறு என்பதால் செய்தி தவறு என்றாகாது. ஆள் மாறிப் படம் வந்த நாட்களில் அடியில் இருந்த செய்தி சரியாகவே இருந்திருக்கிறது. அக்காவின் நுரையீரலும் சுத்தமாக இருக்கலாம். இருக்கலாம் என்பதுதான் அப்போதைக்கு என்னிடம் இருந்த ஒரே சொல். அந்தச் சொல்லைச் செய்தியில் போட நான் யாரையும் விட்டதில்லை.

கிளினிக்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் சொந்தமாகச் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அந்த டாக்டரிடம் அக்காவை அனுப்பியதே அவன்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்ததும் கிளினிக் வாசலுக்கு வந்துவிட்டான்.

"என்னா மாமா, அக்காவ ரயிலேத்தி வுட வந்தியா? அதுக்கு இவ்ளோ சீக்கிரமாவா?"

உறையிலிருந்து பிரிண்ட்டை எடுத்துக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சான்ஸே இல்ல மாமா. டிஸ்க் அக்காவுது. கம்ப்யூட்டர் டிஸ்க்குல இருக்கறதத்தான காட்டும்? ஸ்கேன் சென்டர்ல மாத்திக் குடுத்திருப்பாங்க. எவனையாவது குறை சொல்லணும்னா அங்க போய்ச் சொல்லு. பேப்பர்காரன் புத்தி, எங்க போனாலும் தப்பு கண்டுபுடிக்கறது."

"டிஸ்க்கைப் போட்டுப் பாத்துருவோம் மச்சான்."

டாக்டர் நாலு மணிக்குத்தான் வருவார். வரவேற்பில் இருக்கும் பெண் மட்டும் வந்திருந்தார். வடலூர்க்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் எங்களுக்கு முன்னால் டிஸ்க் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டேன்.

"காட்டுமன்னார்கோயில் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க சார். வீட்டுக்காரரோட. அவுங்களுக்கு ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. அவுங்களுக்கு அடுத்து நீங்கதான்."

"தெனமும் டிஸ்க் வருமா?"

"எங்க சார்? எல்லாரும் ஃபிலிமோடதான் வருவாங்க. டிஸ்க் வர்றதே வாரத்துக்கு ஒண்ணு. நேத்துதான் ஒரே நாள்ல ரெண்டு."

மச்சான் டாக்டரின் அறையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டான். நேற்றுவரை எனக்கும் அது சாதாரணக் கம்ப்யூட்டர்தான். அன்று காலைதான் அதன் அமைப்பு புரிந்தது.

டாக்டர் படம் பார்க்கும் புரோகிராம் மிகப் பழையது. அதில் கை பழகிவிட்டதால் வேறொன்றுக்கு மாற மறுத்துவிட்டார். புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடாது. அதனால் மச்சான் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தான். இரும்பும் கம்பியும் இல்லாத, வெறும் புரோகிராமாக இயங்கும் கம்ப்யூட்டர் அது. டாக்டரின் புரோகிராமோ டிஸ்க் டிரைவிலிருந்து மட்டுமே படம் எடுக்கும். எனவே டிரைவும் அப்படியே, நடிக்கிற டிரைவ். நோயாளி கொண்டுவரும் டிஸ்க்கை வரவேற்பில் இருக்கும் பெண் தன் மேசையில் படியெடுத்து ஒரே ஃபைலாகச் சேமிப்பார். உள்ளே இருக்கும் டிரைவ் அந்த ஃபைலைத் தன் வாயில் போட்ட டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளும்.

"சோதிச்சிக் காட்டறேன், அப்புறம் பேசு" என்றான் மச்சான். பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தான். அவன் மகளின் காதுகுத்துப் படங்கள். கடையில் யாருக்கோ காட்ட வைத்திருந்தது. "இது மொத டிஸ்க். இதுக்கப்புறம் அக்காவுது. நேத்து நடந்த மாதிரியே பண்ணும்மா" என்று பெண்ணிடம் கொடுத்தான்.

அவர் வெளி மேசையில் அதைப் படியெடுத்தார். உள்ளே மச்சான் டிரைவைத் திறந்தான். பந்தல், வாழைமரம், மாமன் மடியில் அழும் குழந்தை எல்லாம் வந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான்.

"அடுத்தத போடும்மா."

அவர் அக்காவின் டிஸ்க்கைப் படியெடுத்தார். "அதே பேர்ல இருக்குது, மேலயே எழுதட்டுமான்னு கேக்குது. ஆமான்னு குடுத்துட்டேன்" என்று வெளியிலிருந்து சொன்னார்.

மச்சான் டிரைவை மூடிவிட்டு மறுபடி திறந்தான்.

பந்தல் வந்தது. வாழைமரம் வந்தது. அவன் தட்டிக்கொண்டே போனான், முன்னைவிட வேகமாக. ஒரு படத்தில் நின்றுவிட்டான். குழந்தைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் உறவினர்களில் நானும் இருந்தேன். பக்கத்தில் அக்கா, யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய நுரையீரல் வந்திருக்க வேண்டிய இடம் அது.

மச்சான் கதவுப் பக்கம் திரும்பினான். பிறகு பெண்ணைப் பார்த்து, "எஜெக்ட் குடுக்கலியா நீ?" என்றான்.

"நீங்கதான சார் வேணாம்னீங்க?"

மச்சான் என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"பழைய டிரைவ்ல தட்டு வெளிய வரும், உள்ள போவும் மாமா. உள்ள போனதும் டிரைவ் கம்ப்யூட்டருக்கு ஒரு சேதி அனுப்பும். டிஸ்க் மாறியிருக்கு, பாத்துக்கன்னு. அந்தச் சேதி வந்தாத்தான் அது ஞாபகத்துல வச்சிருக்கறத தூக்கிப் போட்டுட்டு புதுசா படிக்கும். இங்க ஏது தட்டு? மெனுவுல எஜெக்ட் குடுத்துக் கழட்டி, மறுபடி மாட்டுனா சேதி போவும். அப்படி மாட்டும்போதெல்லாம் புது டிஸ்க் வந்திருக்குது, என்னா செய்யட்டும்னு ஒரு கட்டம் வந்து நடுவுல நிக்கும். டாக்டருக்கு அது புடிக்கல. பேஷண்ட்டு எதிர்லயே எரிஞ்சி வுழறாரு."

"அதனால?"

"அதனால அதே பேர்ல மேல எழுதிடு, எஜெக்டெல்லாம் வேணாம்னு நான்தான் போன வாரம் இவுங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். கட்டம் வரல. நல்லதாப் போச்சின்னு வுட்டுட்டேன்." கைவிரலால் மேசையில் தட்டினான். "ஃபைல் மாறிச்சி. தட்டு அசையல. டிரைவப் பொறுத்தவரைக்கும் எதுவுமே நடக்கல. அதே டிஸ்க்குதான் இருக்குதுன்னு நெனச்சிக்கினு, அது ஞாபகத்துல இருந்தத எடுத்துக் காட்டிக்கினே இருந்திருக்குது. ராத்திரி கம்ப்யூட்டர அணைச்சா ஞாபகம் அழிஞ்சிடும், அதான் ஒரு நாளைக்கு ஒண்ணு வந்தப்ப தெரியல."

"பேரு?" என்றேன். "பிரிண்ட்டுல அக்கா பேரு சரியா இருக்கே."

"அது நான் அடிக்கிறது சார்" என்றார் பெண். கதவருகே வந்து நின்றிருந்தார். "சீட்டுல இருக்கற பேரைப் பாத்து மேல அடிச்சிருவேன்."

மச்சான் எஜெக்ட் கொடுத்தான். பிறகு மாட்டினான். திரையின் நடுவில் ஒரு சிறிய கட்டம் வந்து நின்றது. புது டிஸ்க், என்ன செய்யட்டும் என்று கேட்டது.

"தொறக்கட்டுமா மாமா?"

வேண்டாம் என்றேன். அக்கா பார்க்கும் முன் நான் அதைப் பார்க்க விரும்பவில்லை. அவன் கட்டத்தை மூடினான். டாக்டரின் நம்பருக்குப் போன் செய்து வெளியே போய்ப் பேசினான். அவன் குரல் மட்டும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. திரும்பி வந்து, "மூணரைக்கே வந்துடறேன்னு சொல்றாரு" என்றான். என்னோடு தானும் அக்கா வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். வேண்டாம், இங்கேயே இரு என்றேன்.

அக்காவின் வீடு கிளினிக்கிலிருந்து நடக்கும் தூரம்தான். கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து, துவைத்து, சதுரம் சதுரமாக மடித்து அடுக்கியிருந்தார். குழந்தைக்குத் துணி. பிரசவ லேகியம் ஒரு டப்பாவில். மூடி திறந்துவிடாமல் இருக்க மேலே நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரயிலு சாயந்தரம்டா. என்ன இப்பவே வந்துட்ட? சாப்ட்டியா?"

"கிளினிக்குக்கு ஒரு தடவ போய்ட்டு வந்துருவோம்க்கா. பிரிண்ட்டுல ஒரு சந்தேகம்."

"டாக்டரே சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாரு. நீ என்ன, அதுக்கும் ப்ரூஃப் பாக்கறியா?" சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு இருமினார். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதைப் பார்க்கவில்லை என்பதுபோல நான் பெட்டியைப் பார்த்தேன்.

பிரிண்ட்டை எடுத்துக் கொடுத்தேன். முதல் கட்டத்தை விரலால் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். நெடுநேரம் ஆயிற்று. வெளியே கோயிலுக்குப் பூ விற்பவரின் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"யாருது இது?"

"உனக்கு முன்னாடி பாத்த அம்மாவோடது. கம்ப்யூட்டர்ல மாறிப்போச்சு."

"அவுங்களுக்குத்தான் சுத்தமா இருக்கா?"

"ஆமா."

"எனக்கு?"

"இன்னும் பாக்கலக்கா."

பிரிண்ட்டை உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். லேகிய டப்பாவில் விட்ட இடத்திலிருந்து நூலைச் சுற்றி முடித்தார். டப்பாவைப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மூடிப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்தார். "பெட்டியையும் எடுத்துக்க. அங்கேர்ந்தே ஸ்டேஷனுக்குப் போயிடலாம்" என்றார்.

ஆட்டோவில் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். தேரடி தாண்டும்போது தூறல் தொடங்கியது. அக்கா கோபுரத்தின் பக்கம் திரும்பவில்லை. எப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்பவர். அன்று நேராக டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளினிக்கில் மச்சான் எழுந்து நின்றான். அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். "உக்காரு தம்பி" என்றார் அக்கா. "காதுகுத்து நல்லா நடந்துச்சு இல்ல? புள்ளைக்குக் காது ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சிக்கா."

"எண்ணெய் போடச் சொல்லு."

அவன் தலையாட்டினான். அப்புறம் வெளியே போய்த் தாழ்வாரத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரவேற்பில் இருக்கும் பெண் அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அக்கா குடிக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே சுவரில் நுரையீரலின் வண்ணப்படம் மாட்டியிருந்தது. ஒரு மருந்து கம்பெனி கொடுத்த காலண்டர். இடது, வலது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எதிரே நிற்கிறவரின் இடது நமக்கு வலப்பக்கம். இந்தக் காரணத்தால் படங்களின் கீழே இடமிருந்து வலமாக என்று போடுவது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் இதையெல்லாம் ஏன் யோசித்தேன் என்று தெரியவில்லை.

சொன்னபடி மூன்றரைக்கு டாக்டர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். யாரையும் திட்டவில்லை. கையைக் காட்டி அக்காவை அறைக்குள் அழைத்தார். நானும் போனேன். மச்சான் கதவருகே நின்றான்.

"மாட்டியாச்சா?"

"எஜெக்ட் பண்ணி மாட்டியிருக்கேன் சார்."

திரையில் அந்தச் சிறிய கட்டம் வந்து நின்றது. டாக்டர் அதை மூடிவிட்டுப் படத்தைத் திறந்தார். அவர் கை பழக்கப்படி முதல் படத்தில் நிற்கவில்லை. நேரே உள்ளே போனது. கறுப்பில் வெள்ளை நரம்புகள் போலக் கிளைகள் விரிந்தன, சுருங்கின. அவர் மவுஸின் சக்கரத்தை உருட்டினார். கொஞ்சம் போய் நின்றார். பின்னால் வந்தார். மறுபடி அதே இடத்துக்குப் போனார். கோடு போட்டு அளந்தார். அளவை அழித்துவிட்டு இன்னொரு பக்கத்திலிருந்து அளந்தார். சக்கரம் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"நேத்து நான் பாத்தது இது இல்ல" என்றார்.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பில் இன்ஸ்பெக்ஷன் நடக்கும்போது உட்காருவதுபோல.

"எடது பக்கம், மேல. இங்க ஒண்ணு இருக்கும்மா." அவர் பேனாவால் திரையைத் தொட்டார். "உடனே பாக்கணும். ஊருக்குப் போறது இப்ப வேணாம்."

"எவ்ளோ நாளா இருக்கும்?"

"அத இப்ப சொல்ல முடியாது. திசு எடுத்துப் பாக்கணும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

மழை தகரக் கூரையில் வலுத்துவிட்டிருந்தது. என் காலடியில் பெட்டி இருந்தது. அக்காவின் கைப்பையில் போன் அடித்தது. மகள்தான், கிளம்பியாச்சா என்று கேட்க. ஒவ்வொரு மணிக்கும் அடித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அக்கா எடுக்கவில்லை. அடித்து ஓயும் வரை பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கதவருகே நின்ற மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இன்னொரு தடவ கழட்டி மாட்டிப் பாரு."

மச்சான் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி இடம் விட்டார். மச்சான் குனிந்து மெனுவைத் திறந்தான். எஜெக்ட் கொடுத்தான். டிரைவ் காலி என்று காட்டியது. அதை அக்காவுக்குத் தெரியும்படி சற்று நேரம் அப்படியே விட்டான். அப்புறம் மாட்டினான். கட்டம் வந்து, புது டிஸ்க் என்றது. திறந்தான். முதல் படம் திரை முழுவதும் வந்தது. அவன் அதிலேயே நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். தோள்கள், விலா எலும்புகள், தலைக்கு மேல் தூக்கிய கைகள்.

கழுத்தெலும்புக்கு மேலே எதுவும் இல்லை.